அய்யனார் எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டும் என்று நான் நினைத்தது இன்று நேற்றல்ல. பேனாவை எடுப்பேன், அம்மாவின் முகம் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். மூடி மூடியே முன்தலை நரைத்துவிட்டது. இப்போது அம்மா போய் வருஷத் திவசமும் கொடுத்தாயிற்று. இனி எழுதினால் யாருக்கும் கேடில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் பிழை இருக்காது. காலையில் விளக்கேற்றிவிட்டு அந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்கள் நாம். மானிட்டருக்குச் சட்டை தைத்துப் போட்டவர்கள். அதற்குச் சுருக்கு வைத்து, ஓரத்தில் ஜரிகை வைத்து, வீட்டுப் பெண்பிள்ளைக்குக்கூட அவ்வளவு அளவு பார்த்துத் தைத்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் என் மகள் ஒரு டெஸ்க்டாப் கேட்டாள். கேம் விளையாட வேண்டுமாம், வீடியோ எடிட்டிங்கும் பழக வேண்டுமாம். எங்கள் வசதிக்குள் எது சரிப்படும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். பால் வாங்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி காதில் அது விழுந்துவிட்டது.

“ஒங்களுக்கென்னத்தா கவலை. அய்யனாரே பூக்குடுத்து கம்ப்யூட்டர் எடுத்த குடும்பம். போயி ஒரு பூக்கட்டிப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

எனக்கு உச்சந்தலை காந்தியது. இந்தக் கதை எங்கள் பக்கத்தில் இலுப்பூர் வரைக்கும் தெரியும். கோயில் கொடைத் திருவிழாவின்போது மைக்கில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பூவை எடுத்த கை என்னுடையது. அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

நான் ஆறாவது முடித்த கோடை விடுமுறை அது. அப்பா குவைத்தில் இருந்தார். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவர் பேசும்போது நாங்கள் எல்லோரும் போய் நிற்போம். ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: “ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருக்கேன். பயலுக்கும் ஆகணும், தம்பி தொழிலுக்கும் ஆகணும். இன்னொண்ணு வாங்கித் தர என்னால ஆகாது. பாத்து வாங்குங்க.”

பயல் என்றது என் அண்ணனை. படிப்புக்கு என்று அவன் அப்பாவிடம் எழுதியிருந்தான். படிப்பாவது ஒன்றாவது. அன்னவாசலில் ஒரு கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கார் ரேஸ் விளையாடப் பழகியிருந்தான். சுடுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. அந்தப் பைத்தியம்.

தம்பி என்றது எங்கள் சித்தப்பாவை. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பார். பழைய கேமரா, தோளில் தூக்கி வைப்பது, அதன் எடையில் அவருக்கு ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கும். எடுத்த கேசட்டைத் திருச்சிக்குக் கொண்டுபோய் ஒரு ஸ்டுடியோவில் மிக்சிங் செய்ய வேண்டும். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுற்றவிடுவதற்குத்தான் மிக்சிங் என்று பெயர். பாதிச் சம்பாத்தியம் அங்கேயே போய்விடும். சித்தி அப்போது மாசமாக இருந்தாள். அறந்தாங்கி ஏஜெண்ட் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கு விசா வரும், தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். சித்தப்பாவுக்குப் போக இஷ்டமில்லை.

ஒருநாள் சித்திக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “வீட்லயே மிக்சிங் பண்ண முடிஞ்சா நான் ஏன் அங்கிட்டுப் போறேன்? இந்தப் பொட்டி மட்டும் சரியா அமையட்டும், பாஸ்போர்ட்ட அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிருறேன்.”

சித்தி, “அரிசிப் பானையில வேணாம், தெனமும் கை வைக்கிறது. புளிப் பானையில போடுங்க” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யா விதையைத் துப்பிக்கொண்டிருந்தேன்.

இனி பெரியப்பா. அவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அந்த அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. வந்ததிலிருந்து உறை போட்டு மூடியே வைத்திருந்தார்கள், யாரும் போட்டதில்லை. அதற்கு எதிர் நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு தகுதியில் எங்கள் ஊருக்கே அவர்தான் கம்ப்யூட்டர் நிபுணர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தே அறிவு வருமென்றால் அடுப்புக்கு எதிரே கிடக்கும் எங்கள் வீட்டு ஆட்டுக்கல் இட்லி சுட்டிருக்கும்.

புதுக்கோட்டைக் கடையில் இரண்டு விதமாக விலை கேட்டு வந்தார்கள். இரண்டுக்கும் ஆகும் தொகை ஒன்றுதான். சித்தப்பா கேட்டது சின்ன மானிட்டர், சாதாரணப் பெட்டி. ஸ்பீக்கர் வேண்டாம், பிரிண்டர் வேண்டாம். மிச்சமாகும் காசை எல்லாம் ரேமுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும், கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கார்டுக்கும் போட வேண்டும் என்றார். அது சித்தப்பாவின் சொந்த மூளையில் உதித்ததல்ல. திருச்சி ஸ்டுடியோவில் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

பெரியப்பா கேட்டது பெரிய மானிட்டர், தரையில் வைக்கும் ஊஃபர் ஸ்பீக்கர், கலர் பிரிண்டர், முன்பக்கம் நீல விளக்கு எரியும் கண்ணாடிக் கதவுப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவர் தீர்ப்புச் சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது.

“ஏன்டா, இது என்ன மானிட்டரு, தீப்பெட்டியாட்டம்? நாலு பேரு வந்தா என்னத்தப் பாப்பாக?”

“வாரவுக பாக்குறதுக்கு இல்லண்ணே. வேலையெல்லாம் பொட்டிக்குள்ள நடக்குது. ரேமு கூட இருந்தாத்தான் மிக்சிங் ஓடும்.”

“ரேமு ரேமுங்கிற. எம்புட்டுப் பெருசு இருக்கும் அது?”

சித்தப்பா ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் விரித்துக் காட்டினார்.

பெரியப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “ஒடஞ்ச சீப்பு கணக்கா இருக்கு. இதுக்கு இம்புட்டுக் காசாம். பொட்டி பெருசா இருந்தா தானா வேகமா ஓடும்டா. லாரி இழுக்குறத சைக்கிள் இழுக்குமா?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத கூட்டம். லாரி தெரியும், சைக்கிள் தெரியும், அது போதும் சிரிக்க. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன் அண்ணனை எதிர்த்துப் பேசாமலே வளர்ந்த மனுஷர் அவர். அதையும் நான் பெருமையாகச் சொல்லமாட்டேன்.

என் அண்ணனாவது பேசியிருக்கலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் தன் விளையாட்டு ஓடாது என்று அவனுக்குத் தெரியும். முந்தின நாள்கூட அதைத்தான் என்னிடம் அளந்துகொண்டிருந்தான். கடைக்காரர் கொடுத்த படத்தில் நீல விளக்கைப் பார்த்தான், கட்சி மாறிவிட்டான். “பெரியப்பா சொல்றதுதான் கரெக்ட்டு” என்றான். சின்ன வயது என்று விட்டுவிடலாம்தான். நான் விடவில்லை.

அம்மா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று, “ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்றாக. சாமிகிட்ட கேட்டுருவமே” என்றாள்.

எங்கள் குடும்பத்து வழக்கம் அது. கிணறு வெட்ட, பெண் கொடுக்க, நிலம் வாங்க, எதற்கும் அய்யனாரிடம் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட வேண்டும். பொட்டலம் கட்டும் உரிமை குடும்பத்தில் மூத்த ஆணுக்கு. எடுக்கும் உரிமை வயசுக்கு வராத பெண்பிள்ளைக்கு. எடுத்ததைப் பூசாரி பிரித்துக் காட்டுவார். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கொண்டுபோய்க் கோயில் ஊருணியில் விட்டுவிட வேண்டும். சாமி வேண்டாம் என்று சொன்னதை மனுஷன் பார்க்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். நல்ல வழக்கம். இன்றைக்கும் நான் அதை மதிக்கிறேன்.

வெள்ளை என்றால் பெரியப்பா சொன்ன பெட்டி, சிவப்பு என்றால் சித்தப்பா சொன்னது. பெரியப்பா மண்குதிரைக்குப் பின்னால் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி மணியடித்தார். நான் குளித்த ஈரத் தலையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சாம்பிராணிப் புகையில் தொண்டை கமறியது. சித்தப்பா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கையை நீட்டினேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

“சாமியே சொல்லிருச்சு” என்றார் பெரியப்பா. சித்தப்பா கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

மிச்சப் பொட்டலத்தை ஊருணியில் விடும் வேலையும் எனக்குத்தான். கரையில் இறங்கி விட்டேன். நனைந்து கட்டு அவிழ்ந்தது. இலை விரிந்து தண்ணீரில் படகு மாதிரி நின்றது. உள்ளே இருந்த பூ வெளியே மிதந்து வந்தது. வெள்ளை அரளி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அய்யனார் என் கண்ணெதிரே அற்புதம் செய்துவிட்டார், வேண்டாம் என்ற சிவப்பையும் வெள்ளையாக்கிவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, சாமி செவப்பு அரளிய வெள்ளையாக்கிருச்சும்மா.”

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கையைக்கூடக் கழுவாமல் என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

“யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லம்மா.”

“சொல்லக் கூடாது. சொன்னேன்னா நான் உசிரோட இருக்கமாட்டேன். எந் தலையில அடிச்சுச் சொல்லு.”

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எதற்கென்று அப்போது புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே பேசுவதுபோல் அம்மா சொன்னாள்: “கெணத்துத் தண்ணி அவுக மொறையில இருக்கு. ஒங்கப்பா ஊர்ல இல்ல. இதப் போயி யாருகிட்டச் சொல்ல?”

பங்குக் கிணறு. பெரியப்பா மோட்டாரைப் போட்டால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர். ஒரு பொய்க்குக் காவலாக ஒரு கிணறு இருந்தது.

பூ எடுத்தது உச்சிப் பூஜையில். பொழுது சாயுமுன்னே புதுக்கோட்டையிலிருந்து வேன் வந்து வாசலில் நின்றது. ஊஃபர், பிரிண்டர், நீல விளக்குப் பெட்டி எல்லாம் இறங்கின. கோயிலிலிருந்து வந்தபின் யாரும் பூத்துக்குப் போகவில்லை, போன் பேசவில்லை. சாமியைக் கேட்பதற்கு முன்னாலேயே பெரியப்பா கடைக்குச் சொல்லியிருந்தார். ஊரே இருந்த அந்த வாசலில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோன்றினாலும் அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்க்கிற அவசரம்.

கமிஷனுக்காகச் செய்தாரா என்றால், அதுவும் இல்லை. காசுக்கு ஆசைப்பட்டு ஒருவர் தப்புச் செய்தால் மனசு எங்காவது ஆறும். இவர் செய்தது, சொன்ன சொல் தோற்கக் கூடாது என்பதற்காக. தம்பி பிழைப்பையும் சாமி பெயரையும் ஒரே இலையில் வைத்துக் கட்டிவிட்டார்.

மறுநாள் கம்ப்யூட்டருக்குப் பூஜை. மானிட்டருக்குச் சந்தனம், பெட்டிக்குக் குங்குமம், சிடி போடும் தட்டை வெளியே இழுத்து அதில் வெற்றிலை பாக்கு. தட்டு தானாக உள்ளே போனது, வெற்றிலையும் போனது. “வாங்கிக்கிருச்சு பாருங்க” என்றார் பெரியப்பா. பெண்கள் குலவை போட்டார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் அந்த வெற்றிலையை அண்ணன் ஹேர்பின்னால் நோண்டி எடுத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். மானிட்டரைப் போட்டதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். கையைக் கிட்டே கொண்டுபோனால் மயிர் எழுந்து நிற்கும், சூடான பிளாஸ்டிக் வாசம் அடிக்கும். மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் குண்டு இருக்கும், அதை எடுத்து நான் உள்ளங்கையில் உருட்டுவேன். அவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. இல்லை என்று சொன்னால் பொய்.

அண்ணனின் கார் ரேஸ் ஓடவில்லை. கார் புறப்படும், நின்றுவிடும், ஒரு வளைவில் தோன்றும், மறுபடி நின்றுவிடும். ஊஃபரில் மட்டும் கார் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. பெரியப்பா வருபவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டினார். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர்கள் சத்தம் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

சித்தப்பா அன்னவாசல் கல்யாணம் ஒன்றின் கேசட்டை அதில் ஏற்றப் பார்த்தார். ஏற்றும் கார்டு இல்லை. யாரிடமோ இரவல் வாங்கி வந்து மாட்டினார். முகூர்த்தம் வரைக்கும் ஏறியது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை உயர்த்திய இடத்தில் கம்ப்யூட்டர் நின்றது. அணைத்துப் போட்டார். மறுபடி அதே இடத்தில் நின்றது. எத்தனை முறை போட்டாலும் தாலி கட்டவில்லை. நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். “வாங்கி ஒரு வாரம்கூட ஆகலல்ல? பிரிண்டரு, ஊஃபரு, பெரிய மானிட்டர எல்லாம் கொண்டாந்து குடுத்துட்டு நீங்க கேட்ட சாமானா மாத்திக்கங்க” என்றாராம். சித்தப்பா ஓடி வந்து பெரியப்பாவிடம் சொன்னார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்: “பூக்குடுத்தது யாரு?”

“அய்யனாருண்ணே.”

“அவரு குடுத்தத நீ கொண்டுபோயி மாத்தப் போற?”

பெரியப்பா சித்தி நின்ற பக்கம் கையைக் காட்டினார்.

“பொம்பள மாசமா இருக்கா. சாமி குத்தம் ஆச்சுன்னா யாரு பொறுப்பு? சொல்லு, மாத்திட்டு வா. நான் தடுக்கல.”

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி வயிற்றில் கை வைத்தபடி கதவோரம் நின்றாள். அதோடு முடிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னவாசல்காரர்கள் வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுக் கேசட்டைத் திரும்ப வாங்கிப் போனார்கள். விசா வந்தது. குழந்தை பிறக்கும் முன்னாலேயே சித்தப்பா போய்விட்டார். பஸ் ஏறும்போது கோயில் இருக்கும் திசையில் திரும்பவே இல்லை.

அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது அவர் மகள் அவரை ‘வாங்க’ என்று விருந்தாளியை அழைப்பதுபோல அழைத்தாள். வந்த பிறகும் கோயிலுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. கொடைக்கு வரி கொடுப்பார், வாசலோடு நின்றுகொள்வார். அந்நிய நாட்டுக் காசு வந்ததும் சாமியை மறந்துவிட்டான் என்று ஊர் பேசியது. அதிகமாகப் பேசியவர் பெரியப்பா. “அன்னைக்கு அய்யனாரு குடுத்த கம்ப்யூட்டர வச்சுப் பொழைக்கத் தெரியாதவன்” என்று கதையின் கடைசியில் சேர்த்துக்கொள்வார். கதையைச் சொல்லிச் சொல்லியே மரியாதையாகப் போய்ச் சேர்ந்தார். கோயில் சுவரில் அவர் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. நான் அந்தச் சுவர்ப் பக்கம் விழுந்து கும்பிடுவதில்லை. இரண்டடி தள்ளித்தான்.

பெரியப்பா போன பிறகும் நான் வாய் திறக்கவில்லை. என் சத்தியம் அவர் தலையில் இல்லையே, அம்மா தலையில் இருந்தது. திவசம் முடிந்து, பால் வாங்க வந்தவள் பூக்கட்டச் சொன்ன அன்று சாயங்காலம்தான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, அன்னைக்கு நான் ஊருணியில விட்ட பொட்டலம் பிரிஞ்சிருச்சு. அதுலயும் வெள்ளைதான் இருந்துச்சு.”

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“நல்லாப் பாத்தியா தாயி? செவப்பு நனைஞ்சு வெளுத்துத் தெரிஞ்சிருக்கும்.”

“பூ என் கைக்கிட்ட மெதந்து வந்துச்சு சித்தப்பா. வெள்ளை.”

தன் அண்ணனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மாடு குடித்து முடிக்கும் வரைக்கும் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

“இம்புட்டு வருஷமும் அய்யனாரு என்னையத்தான் போடான்னு அனுப்புனாருன்னு நெனச்சேன். பொண்டாட்டி மாசமா இருக்கா, வேலைய ஒழுங்காப் பாக்குறேன், என்ன குத்தம் பண்ணுனோம்னு அங்க படுத்துக்கிட்டு யோசிப்பேன். ஒண்ணும் பிடிபடாது” என்றார். பிறகு, “அப்ப அவரு ஒண்ணுமே சொல்லல” என்றார்.

“சொல்லல சித்தப்பா. அவரை யாரு கேட்டா?”

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். கல்வெட்டைத் தாண்டி, நேராகச் சாமிக்கு முன்னால். சிவப்பு அரளி கொண்டுபோயிருந்தார்.

என் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க அவரும்தான் கூட வந்தார். கடையில் இப்போதும் விளக்குப் போட்டுத்தான் விற்கிறார்கள். அப்போது நீலம் மட்டும், இப்போது ஏழு நிறம். கடைப்பையன் கண்ணாடிப் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினான். “அது கெடக்கட்டும்ப்பா, கிராபிக்ஸ் கார்டு என்ன, ரேமு எம்புட்டு?” என்றாள் மகள். சித்தப்பா சிரித்தார். விளக்கில்லாத பெட்டியும் நடுத்தர மானிட்டருமாக வீடு வந்து சேர்ந்தோம். பார்க்க வந்த உறவுக்காரி, “இம்புட்டுத்தானா?” என்று உதட்டைச் சுழித்தாள். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கதையை ஏற்கெனவே கேட்டவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், பெரியப்பாவுக்காகப் பூசி மெழுகவும் வேண்டாம். எதை மறந்தாலும் பூவின் நிறத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது. அய்யனார் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.